படித்துறையில் ‘இருக்கேன்’ என்றவர்

என் அத்தைக்கு அப்போது ஒரு விசித்திரமான வேலை இருந்தது: ஆட்களிடம் பெயர் கேட்பது. மனசு கலங்கியோ, குடியை விட முடியாமலோ வருஷக்கணக்காகத் தெருவில் கிடப்பவர்களை அழைத்துப்போய் வைத்தியம் பார்க்கும் ஓர் இல்லத்தில் இருந்தாள். கையைப் பிடித்து வேனில் ஏற்றக் கூடாதாம். டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டு, அவர்களே ‘வரேன்’ என்று சொல்லும்வரை தினம் போக வேண்டுமாம். “பேரு கேக்கறதுக்கு ஒரு சம்பளம்! குடுத்து வெச்சவ,” என்பார் அப்பா.

நான்காம் வகுப்பு முடிந்த லீவில், ஓர் அமாவாசைக் காலையில், நானும் அந்த வேனில் தொற்றிக்கொண்டேன். காவிரிக்கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் நல்ல கூட்டம். வரிசையாக ஐயர்கள், எதிரே ஈர வேட்டியோடு, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்த குடும்பங்கள்.

அத்தை தேடி வந்தவர் தண்ணீரை ஒட்டிய கடைசிப் படியில் இருந்தார். சடைமுடி, வெயிலிலும் ஒரு கம்பளி. பார்த்தால் பயமில்லை, குரலைக் கேட்டால்தான் பயம். மேலே ஐயர் “தகப்பனார் பேரு?” என்பார். மகன் “மாரிமுத்து” என்பார். கீழேயிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், வகுப்பில் அட்டெண்டன்ஸுக்குச் சொல்வது போல ஒரு குரல் வரும்:

“இருக்கேன்.”

“பாட்டனார்?”

“கோவிந்தசாமி.”

“இருக்கேன்.”

ஒவ்வொரு பெயருக்கும் குரல் கொஞ்சம் மாறியது. ஒன்றுக்கு இருமலோடு சொன்னார். அந்த மகன் வெளுத்துப்போய், “அப்பாவுக்கு இப்படித்தாங்க இருமும்,” என்றான்.

செத்தவர்களே வந்து பதில் சொல்வதாக எல்லோரும் நம்பினார்கள். காக்கைக்கு வைத்த கையோடு அவருக்கும் வைத்தார்கள், செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை. அதிரசம், மசால் வடை, பீடிக்கட்டு. ஊரில் பல அப்பாக்களுக்குப் பிடித்தது நியூஸ் பேப்பரில் சுற்றிய குவார்ட்டர் பாட்டிலாக இருந்தது.

“ஈரல் கெட்டுக் கிடக்குதுங்க அவருக்கு. இப்படியே குடுத்தீங்கன்னா ஆள் தங்கமாட்டார்,” என்று அத்தை கெஞ்சினாள்.

வாழைக்காய் விற்ற அம்மா சிரித்தாள். “நீ கூட்டிட்டுப் போயிட்டா எங்க மாமனார் எங்க வந்து பதில் சொல்லுவார்? உன் வேன்லயா?”

அத்தை படியில் உட்கார்ந்தாள். “அண்ணே, டீ. உங்க பேரு என்னண்ணே?”

“இன்னிக்கா? இன்னிக்கு மாரிமுத்து.”

“எங்களோட வரீங்களா?”

“ஆளுங்க வந்துட்டே இருக்காங்களேம்மா. நான் போயிட்டா ‘இருக்கேன்’னு யார் சொல்றது?”

அடுத்த குடும்பம் வந்தது. ஒரே ஒரு மகன், முப்பது வயசிருக்கும். ஐயர் கேட்டார், அவன் தகப்பனார் பெயரைச் சொன்னான். (அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.)

கீழே சத்தமில்லை.

ஐயரே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டார். அவன் உரக்கச் சொன்னான். கம்பளிக்குள் தலை இன்னும் தாழ்ந்தது.

வகுப்பில் முதல் ரேங்க் நான். விடை பளிச்சென்று வந்தது. “அத்தை! எல்லாப் பேருக்கும் சொன்னார், இந்தப் பேருக்கு மட்டும் சொல்லல. அப்ப இதான் அவர் பேரு!”

கத்தியேவிட்டேன். மகன் திரும்பினான்.

“எங்கப்பா வீட்டை விட்டுப் போயி பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க,” என்றான், யாரும் கேட்காமலே. “தர்ப்பையில ஆள் செஞ்சு எரிச்சு, காரியமெல்லாம் முடிச்சாச்சு.” கையிலிருந்த எள் சிந்திக்கொண்டிருந்தது. இரண்டு படி இறங்கினான். அவர் முகத்தைத் தூக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

“இவர் இல்லைங்க,” என்றான் மகன். மேலே ஏறிப்போய், ஐயர் முன்னால் மறுபடியும் கையை நீட்டினான்.

கடைசிச் சொட்டுத் தண்ணீர் விழும்வரை கம்பளிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அத்தையிடம் சொன்னார்: “நல்ல புள்ளம்மா. அப்பன்காரன் குடிச்சிட்டு வந்து என்ன பாடு படுத்தினானோ. இருந்தும் ஒழுங்கா குடுக்கறான் பாரு.” பாட்டில்களைத் தொடாமல் எழுந்தார். “வேன் எங்க நிக்குது?”

எத்தனையோ மாதம் அத்தை கேட்டதற்கு அன்றுதான் பதில் வந்தது. வேனில் வழியெல்லாம் நான் என் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

இல்லத்தில் அவரை பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அவர் தொடவில்லை. அத்தை ஒரு ஃபாரம் எடுத்தாள். பெயர் என்ற இடத்தில், ‘தெரியவில்லை’ என்று எழுதினாள்.

“தெரியுமே அத்தை!”

“அவர் சொல்லலடி.”

“நான் கண்டுபிடிச்சேன்ல?”

“நீ கண்டுபிடிச்ச. அவர் சொல்லல.”

அவள் டாக்டரைக் கூப்பிடப் போன நேரத்தில் நான் பேனாவை எடுத்து, அதை அடித்துவிட்டு, என் அழகான கையெழுத்தில் அந்தப் பெயரை எழுதினேன். பெஞ்சிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை திரும்பி வந்தாள். பார்த்தாள். திட்டவில்லை. ஃபாரத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று எடுத்து, மறுபடியும் ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். அப்போதுதான் அவர் டீ டம்ளரைக் கையில் எடுத்தார்.

சரியான விடையை ஒருத்தர் எதற்காகக் கிழிக்க வேண்டும் என்று, மன்னார்புரத்தில் எங்கள் வீடு வந்து சேரும்வரை நான் அழுதேன்.