நலங்குக்கு முன் லேசர்

“ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வா” என்று மட்டும் இன்று நான் சொல்லவில்லை.

வில்லியனூரில் நான் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிய சித்தி மகள், மோவாய் முடியை எடுக்க மூலக்குளம் பார்லரில் லேசர் அடிக்கப்போவதாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்கு நலங்கு. கரும்புக் கொல்லையில் நின்று நின்று முகம் வெயிலில் கறுத்திருந்தது.

துப்பட்டாவை விலக்கி, போன வருடம் லேசர் சுட்டு என் மோவாயில் விழுந்த தழும்பைக் காட்டினேன்.

“கறுத்த தோலுல அடிச்சா இப்படித்தான்டி சுடும். மொதல்ல தோல் டாக்டரப் பாரு.”

“உனக்கு இன்னாக்கா, கல்யாணமே வேணாம்னுட்ட. எனக்கு மஞ்சள் பூசும்போது மாமியார் கையில முடி குத்துனா ஊரே சிரிக்கும்.”

சொல்லிவிட்டு மூலக்குளத்தில் இறங்கி பார்லருக்குப் போய்விட்டாள். அவளுக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

மாலையில் சித்தி போன் செய்தார். அவள் மோவாய் முழுக்கக் கொப்புளமாகிவிட்டதாம். நலங்கைத் தள்ளிவைக்க மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை.