இருபதாவது கோழி

வல்லம் வடகால் கிராமத்துச் சாலமோனின் மகள் கிளாராவுக்கு 1991-இல் வயது இருபத்திரண்டு. வேலை, கோழி ரத்தத்தில் ஹார்மோன் அளப்பது. இதை ஊரில் ஒருவருக்காவது அவளால் விளங்கவைக்க முடிந்ததில்லை. "கோழிக்கு இன்னாத்துக்குமா ரத்த டெஸ்ட்டு? அது இன்னா துபாய்க்கா போவுது?" என்று பஸ்ஸில் கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரகடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையின் சின்ன ஆய்வகம் அது. உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். குழிக்கு ஒரு சொட்டு, ரத்தத்திலிருந்து தெளிந்த சீரம், மேலே மருந்து, கடைசியில் மஞ்சள் நிறம் எழும். பதற்ற ஹார்மோன் கூடினால் நிறம் வெளுக்கும், குறைந்தால் அழுத்தமாக வரும். அந்த நிறம் ஏறுகிற பத்து நிமிடத்துக்காகவே கிளாரா வேலைக்குப் போனாள் என்றால் மிகையில்லை. அவள் கை அசங்காது. ஒரே சீரத்தை இரண்டு குழியில் விட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

அந்தக் கோடையில் முட்டை குறைந்ததால், கோழிகளுக்கு என்ன பதற்றம் என்று பார்க்கச் சொன்னார்கள். வாரம் இருபது கோழி, பிடித்த வரிசையிலேயே குழியில் விடுவாள். முதல் கோழி நிம்மதியாக இருந்தது, பத்தாவதற்குக் கொஞ்சம் பதற்றம், இருபதாவதற்கு உயிரே போகிற பதற்றம். மூன்று வாரமும் இதே கதை. ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற டாக்டர் டில்லிபாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"உன் கை ஸ்லோமா. நீ கடைசிக் குழிக்கு வர்றதுக்குள்ள மொதக் குழியில நெறம் ஏறிடுது. கடைசிக்கு டைம் பத்தாம வெளுத்துப் போவுது. கோழி மேல தப்பில்ல."

வெள்ளிக்கிழமை அவளுடைய ஆறு மாத ரிப்போர்ட் மேனேஜருக்குப் போகவேண்டும். அதில் 'கை மெதுவு' என்று டாக்டர் எழுதிவிட்டார். அது போனால் வேலை நிரந்தரமாகாது. வேலையைவிட, கையைச் சொன்னதுதான் கிளாராவுக்குச் சுருக்கென்று தைத்தது. டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் படித்த நல்ல மனிதர்கள் தப்பாகச் சொல்லும்போதும் சரியாகச் சொல்கிற குரலிலேயே சொல்லித் தொலைக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் கொட்டகைக்கே போய் நின்றாள். கோழி பிடிப்பவர் கோதண்டம். ஒன்றை விரட்டிப் பிடித்து, இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்ததும் பக்கத்து அடைப்பில் விட்டார். மிச்சமிருந்தவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. அரை மணி நேரம் இதே கூத்து. இருபதாவது கோழி அலகைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"எப்பவும் இப்டித்தானாண்ணே?"

"பின்ன? அடுத்தது நாமதான்னு அதுக்குத் தெரியாதா பாப்பா? கடைசிக் கோழி எப்பவுமே பேயாட்டம் ஆடிக்கினுதான் கீது."

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள் கிளாரா. போன வாரத்துச் சீரம் ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது. "சார், இதையே திருப்பிப் போடறேன். இருபதுல ஆரம்பிச்சு ஒண்ணுல முடிக்கிறேன். என் கை ஸ்லோன்னா இந்த வாட்டி ஒண்ணாம் கோழி வெளுக்கணும். இருபதாவது கோழி நெசமாவே பயந்து இருந்தா, மொதல்ல வுட்டாலும் அதுதான் வெளுக்கும்."

"சரி, பாத்துடலாம்" என்று டாக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கிளாராவின் கை தன்பாட்டில் வேலையைப் பார்த்தது.

நிறம் ஏறியது. கடைசியாக விட்ட ஒன்றாம் கோழி நல்ல மஞ்சளாக நின்றது. முதலில் விட்ட இருபதாவது வெளிறிக் கிடந்தது.

டாக்டர் தட்டை நிறம் அளக்கும் மெஷினில் வைத்து இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கிழித்தார்.

"கோழிய எப்படிப் புடிக்கிறாங்கன்னு கேக்காம உன் கையைக் குத்தம் சொல்லிட்டேன். தப்பு என்னுதும்மா."

பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூடப் பரவாயில்லை என்று சொல்கிறவள் கிளாரா. அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"ஆமா சார்" என்றாள்.