ஈரத்துணி

“…எழுதிக் குடுத்தது நெசந்தாங்க ஐயா. ஆனா அவரு கண்ண எடுக்க வேணாம்” என்றார் அந்த அம்மா.

எண்பதுகளின் தொடக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பொன்றில் இறந்துபோனவரின் கண்களைத் தானமாக எடுக்க வந்த டாக்டருக்கு நான் வழிகாட்டி. அந்த அம்மா இறந்தவரின் மனைவி, கொழுந்தெடுப்பவர், ஒல்லியான உருவம். மலையில் பேச வாயெடுக்குமுன் கொழுந்தெடுக்கையில் இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை இறுக்கிக்கொள்வார். அன்று படங்கில்லாத இடுப்புக்கும் கை போனது.

“அண்ணன் எவ்வளவு ஆசையா எழுதிக் குடுத்தாரு. காய்ச்சல்ல போன மனுசனோட கண்ண ஏன் மதினி தடுக்குறீங்க?” என்றார் கொழுந்தனார்.

“காய்ச்சல் இல்ல தம்பி. தீவாளிக்கு முந்தி தொரை வீட்டு நாய் கடிச்சிச்சு. வெளிய சொன்னா வேலை போயிரும்னு சுண்ணாம்ப வச்சுக் கட்டிக்கிட்டாரு. கடைசில தண்ணியக் கண்டாலே நடுங்குனாரு. அந்த விசம் கண்ணோட போயி இன்னொருத்தரயும் கொன்னுறாதா?”

“கொல்லும்மா” என்று டாக்டர் பெட்டியை மூடினார்.

புருசனின் கடைசி ஆசையைத் தன் வாயாலேயே தடுத்த அவர் அழவில்லை. கண் காயாமலிருக்க நாங்கள் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துத் தூர வைத்தார். “இனி தண்ணி ஒங்க கிட்ட வராதுங்க” என்று புருசனிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் இமைகளைத் துடைத்து மூடினார்.