பின்னுக்கு மூன்று கியர்

என் அம்மா ஜீப் ஓட்டினார். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அப்பா என்று சொல்ல வந்து அம்மா என்று சொல்லிவிட்டேனோ என்று திருப்பிக் கேட்கிறார்கள். இல்லை. அப்பா கடலுக்குப் போனார், அம்மா ஜீப் ஓட்டினார். அவ்வளவுதான்.

எங்கள் கரை வெள்ளாங்குளத்துக்கு மேற்கே இருக்கிறது. மீன் வாடிக் கொட்டில்களுக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஒரு தரவை கிடக்கும். மரமில்லை, வேலியில்லை, வெறும் வெளி. மேலே உப்புப் பூத்துக் காய்ந்த பொருக்கு, கீழே சேறு. கடல் ஏறிவிட்டால் அதுவும் கடல்தான். மீன் லொறி அதற்குள் இறங்காது, ரோட்டிலேயே நிற்கும். கரையில் இறங்கும் மீனை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி, தரவையைத் தாண்டி லொறியில் சேர்ப்பது அம்மாவின் வேலை. அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்துதான் நானும் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் மூக்கைப் பொத்தினார்கள். பொத்தட்டும். அவர்கள் வீட்டுக் கறிக்கு மீன் எங்கிருந்து போனது?

ஜீப் அப்பாவைவிட வயது கூடியது. பெற்றோல் எஞ்சின். அந்த வருடம் அது நீலப் புகை தள்ளத் தொடங்கியது. தரவையின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அம்மா இறங்கி, மூடியைத் திறந்து, அதைத் திட்டி, திரும்பவும் கிளப்புவார். ஒருநாள் திட்டியும் அது கிளம்பவில்லை.

அடுத்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து ஆண்கள் எங்கள் வளவில் கூடினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பெரிய சாமான் ஏதும் பழுதானால் அம்மாவின் பக்கத்திலிருந்து ஒருவர், அப்பாவின் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து கதிரை போட்டு இருந்து முடிவெடுப்பார்கள். அம்மாவின் பக்கத்துக்கு மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பாப்பாமோட்டையில் வயல்காரருக்கு ட்ரக்டர் திருத்துகிறவர். அப்பாவின் பக்கத்துக்குச் சித்தப்பா. மன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறவர். இருவருக்கும் நடுவில் அப்பா பேசாமல் இருந்தார். அப்பாவுக்கு அது நன்றாக வரும்.

மாமா சொன்னார், "எஞ்சினில பிழையில்லை. தேஞ்சு போச்சு, அவ்வளவுதான். சிலிண்டரைக் கடைஞ்சு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு, காபரேட்டரையும் மாத்தினா முந்தினதைவிட நல்லா இழுக்கும். அதின்ர இடத்தில அதுதான் சரியா இருக்கும்."

"பிஸ்டன் எங்க கிடக்கு மச்சான்?" என்றார் சித்தப்பா. "கொழும்பில தேடி எடுக்கிறதுக்குள்ள இவள் குமராயிடுவாள்." இவள் என்றது என்னை. "என்னட்ட டீசல் எஞ்சின் ஒண்டு சும்மா கிடக்கு. றோலர் படகைக் காத்துக்கு எதிரா இழுத்த எஞ்சின். இந்தத் தகரப்பேணியை இழுக்காதோ?"

"அந்தப் பாரத்தைச் சேசிஸ் தாங்குமோ? கியர்பெட்டி தாங்குமோ?"

"தாங்காட்டி வெல்டிங் வைப்பம்."

"வைப்பாய். உனக்கென்ன, கடலில பள்ளம் திட்டி இல்லைத்தானே."

பெற்றோல் குடிக்கும், டீசல் குடிக்காது என்றார் ஒருவர். டீசல் அதிரும், பெற்றோல் அதிராது என்றார் மற்றவர். பழையதைத் திருத்தினால் எத்தனை நாளைக்கு, புதியதைப் பூட்டினால் எத்தனை இடத்தில் வெட்ட வேண்டும் என்று மத்தியானம் வரை போனது. அந்த ஜீப்பைத் தினமும் ஓட்டுகிறவர் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றார். அன்று முழுவதும் அம்மாவிடம் அவர்கள் கேட்டது சீனி மட்டும்தான்.

கடைசியில் அப்பா வாயைத் திறந்தார். "இருக்கிறதைப் போடுவம்." டீசல் வென்றது. நானும் சித்தப்பாவின் கட்சிதான். அந்த எஞ்சின் பெரியது, நான் சின்னவள், வேறு காரணம் தேவைப்படவில்லை.

சித்தப்பா வாடிக்குப் பக்கத்தில் வைத்தே வேலையைத் தொடங்கினார். பழைய எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மாமா கொண்டுபோனார், செத்தவரைக் கொண்டுபோகிற மாதிரி. படகு எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் படகின் விசிறியைச் சுற்ற, மறுபக்கம் வலை இழுக்கும் சுருளைச் சுற்ற. விசிறிப் பக்கத்தை உப்புத் தின்றிருந்தது. அதனால் எஞ்சினைத் திருப்பி வைத்து, வலை இழுக்கும் பக்கத்தை ஜீப்பின் கியர்பெட்டியோடு பூட்டினார். படகுக்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றினாலும், விசிறியை மாற்றிப் போட்டால் படகு முன்னுக்குப் போகும்.

ஜீப்புக்கு விசிறி இல்லை. இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

இதற்கிடையில் மீனை ஒரு ட்ரக்டர்காரர் ஏற்றினார். பக்கத்துக் கரைக்காரர், அம்மாவை அக்கா என்பார், அம்மாவின் வேலையில் நெடுநாளாகக் கண் வைத்திருந்தார். ட்ரக்டர் ஆமை மாதிரிப் போகும், ஆனால் நின்றுவிடாது. லொறிக்காரருக்கு அது பிடித்துப் போனது. "திங்கட்கிழமை விடிய ஜீப் வந்தா ஜீப். வராட்டி இனி ட்ரக்டர்தான். எனக்கு ஒவ்வொரு நாளும் வாய் பாத்துக்கொண்டு நிக்கேலாது" என்று சொல்லி அனுப்பினார். அம்மா அதைக் கேட்டுவிட்டு மீன் பெட்டிகளைத் தேய்த்துக் கழுவினார். கழுவின பெட்டிகளையே திரும்பக் கழுவினார்.

ஞாயிறு பின்னேரம் ஜீப்பைப் பனங்குற்றிகளில் ஏற்றி வைத்து எஞ்சினைக் கிளப்பினார்கள். கரை முழுவதும் அதிர்ந்தது. சித்தப்பா கியரைப் போட, சில்லுகள் சுற்றின. எல்லோரும் கைதட்டினோம். எந்தப் பக்கம் சுற்றியது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

திங்கள் விடிந்தது. பெட்டிகள் ஏறின. அம்மா ஏறினார், நானும் புத்தகப் பையோடு ஏறினேன். அம்மா முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். ஜீப் பின்னால் பாய்ந்து வாடியின் கிடுகுச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது.

ட்ரக்டர்காரர் சும்மா இருப்பாரா? அவரும் தன் இழுவைப் பெட்டியைக் கொளுவிக்கொண்டு தயாராக நின்றார். "என்ன அக்கா, ஜீப்புக்குக் கடல் ஞாபகம் வந்திட்டுதோ? வலை இழுக்கப் போகுதோ?"

கரை சிரித்தது. சித்தப்பா மூடியைத் திறந்து பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

"தம்பி, இது முன்னுக்கு எத்தினை கியர் போகும்?" அம்மா கேட்டார்.

"ஒண்டு, அண்ணி."

"பின்னுக்கு?"

சித்தப்பா மூடியைத் திரும்பவும் மூடினார். "மூண்டு."

அம்மா அந்த ஒரு கியரில் முன்னால் விட்டுப் பார்த்தார். ஊர்ந்து தரவையின் விளிம்பு வரை போனது. அங்கே முன் சில்லுகள் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கின. டீசல் எஞ்சினின் பாரம் முழுவதும் மூக்கில்தான் இருந்தது. நுகத்தடியில் இரும்பைக் கட்டின மாடு மாதிரி ஜீப் தலையைக் குத்திக்கொண்டு நின்றது. அம்மா மற்றக் கியரைப் போட்டுப் பின்னால் எடுத்தார். சுலபமாக வெளியே வந்தது.

அந்த இடத்தில்தான் அவருக்கு யோசனை வந்திருக்க வேண்டும். வந்த கையோடு ஜீப்பைத் திருப்பினார். வாலை ரோட்டுப் பக்கம், மூக்கைக் கடல் பக்கம்.

"அண்ணி, என்ன செய்யப் போறியள்?"

"போகப் போறன். அந்த மேல் பெட்டியளை எடுத்து முன் சீற்றில வை. எனக்குப் பின்னுக்குத் தெரியவேணும். பிள்ளை, நீ பெட்டியளுக்கு நடுவில கீழ இரு. தலையைத் தூக்கினியோ, இறக்கி விட்டிடுவன்."

கூரைத் துணியைக் கழற்றி எறிந்தார்கள். ட்ரக்டர் ஏற்கெனவே கிளம்பித் தரவையில் பாதி தூரம் போயிருந்தது. அம்மா உடம்பை முறுக்கித் திரும்பி, ஒரு கையைச் சீற்றின் முதுகில் போட்டு, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஜீப் பின்னால் புறப்பட்டது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது.

இரண்டு இடத்தில் வால் பாம்பு மாதிரி நெளிந்தது. பின்னால் போகும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஆட்டினால் வண்டி நிறைய ஆடும். ஒரு தடவை வழி காட்ட நட்டிருந்த கம்பு ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. சேறு பறந்து என் வெள்ளைச் சட்டை முழுவதும் அடித்தது. ஆனால் ஜீப் புதையவில்லை. பாரமான மூக்கு பின்னால் இழுபட்டுக்கொண்டே வந்தது. நான் கீழே கிடந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஓட்டும்போது அதுவரை நான் பார்த்ததெல்லாம் அவருடைய கொண்டை மட்டும்தான். இப்போது முழு முகமும் எனக்கு நேரே இருந்தது. உதடுகள் விடாமல் அசைந்தன. சித்தப்பாவைத் திட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுத் தரவையில் ட்ரக்டரைத் தாண்டினோம். எங்கள் ஜீப்பின் மூக்கு அவரைப் பார்த்தபடியே தூரமாகிக்கொண்டு போனது. அந்த மனுசன் வாயைத் திறந்தபடி இருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. வேறு எந்த அம்மாவைப் பற்றி எந்தப் பிள்ளை இப்படி எழுத முடியும்?

அம்மா ரோட்டில் ஏற்றி, ஜீப்பின் வாலை லொறியின் வாலோடு கொண்டுபோய் ஒட்ட நிறுத்தினார். லொறிக்காரர் இறங்கி வந்தார்.

"என்ன தங்கச்சி இது, பின்னால வாறியள்?"

"பெட்டி மாத்த லேசு எண்டுதான் அண்ணை" என்றார் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நாளைக்கும் இப்பிடியே வாங்கோ." அந்த ஒரு சொல்லில் வேலை எங்களிடமே நின்றது.

வழக்கமாக அம்மாதான் முதலில் குதித்து இறங்கிப் பெட்டி தூக்குவார். அன்று இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், ராணி மாதிரி இருந்தார். லொறிக்காரரும் அவருடைய ஆளும் பெட்டிகளை மாற்றினார்கள். பிறகு வந்து சேர்ந்த ட்ரக்டர்காரரும், வேறு வழியில்லாமல், ஒரு கை கொடுத்தார். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

சித்தப்பா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார், மாமாவையும் வழியில் யாரோ சொல்லி வரவழைத்திருந்தார்கள். வந்ததும் வராததுமாக இருவரும் தொடங்கிவிட்டார்கள். அக்சிலைக் கவிழ்த்துப் பூட்டினால் எல்லாம் நேராகிவிடும், ஒரு நாள் வேலை என்றார் சித்தப்பா. அப்போதே சொன்னேனே என்றார் மாமா.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றார் அம்மா. சத்தம் போடவில்லை. இருந்த இடத்திலிருந்து சொன்னார். "தம்பி, உன்ர எஞ்சின் நல்ல எஞ்சின். பெலம் இருக்கு. ஆனா இந்தச் சேத்துக்குப் பெலம் வேண்டாம், பாரம் குறையவேணும். அதை நேராக்கினாலும் மூக்குப் புதையத்தான் போகுது. அண்ணை, நீங்கள் பழசைக் கடைஞ்சு பெரிசாக்குங்கோ. பிஸ்டன் எப்ப கிடைக்குதோ கிடைக்கட்டும். பூட்டுறது தம்பிதான் பூட்டவேணும், கை சுத்தம் அவனுக்குத்தான். அதுவரைக்கும் நான் பின்னால ஓட்டுவன்."

ஓட்டினார். மழை தொடங்கும் வரை தினமும் அந்தத் தரவையைப் பின்பக்கமாகவே கடந்தார். ரோட்டில் போகிற பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். பிஸ்டன் கொழும்பிலிருந்து வந்து, பழைய எஞ்சின் திரும்பவும் ஏறியபோது, அது முந்தியதைவிட நன்றாகவே இழுத்தது. அதன் பிறகு எங்கள் வளவில் எதைப் பற்றிப் பேசினாலும் அம்மாவுக்கும் ஒரு கதிரை போட்டார்கள். போட்டது அப்பா.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை, ரோட்டில் அதைச் சொல்லி முடித்ததும், அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வா. வந்து என்ர பக்கத்தில நில்லு."

போய் நின்றேன். சேறு அப்பின சட்டையோடு, இத்தனை ஆண்களுக்கும் முன்னால். அம்மா என் தோளில் கையை வைத்து, மெதுவாக, ஒவ்வொரு காலாக இறங்கினார். இறங்கியும் கையை எடுக்கவில்லை. கை பாரமாக இருந்தது. நடுங்கிக்கொண்டும் இருந்தது. அவ்வளவு பெரிய எஞ்சின், அதன் அதிர்வு இன்னும் அம்மாவின் உடம்பை விட்டுப் போகவில்லை என்று நினைத்தேன். இவள் என் மகள் என்று அம்மா எல்லோருக்கும் காட்டுகிறார் என்றும் நினைத்தேன். அதனால் அசையாமல், எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றேன்.