திருத்தாமல் விட்ட அட்டை

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தலைமைத் தாதியாக, அங்கே எல்லாரும் கூப்பிடுவதுபோல் 'மிஸ்ஸி'யாக, இருந்தேன். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் தன் உத்தரவை ஃபைலில் எழுதுவார். அதைப் பார்த்து, ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கும் பராமரிப்பு அட்டையைத் திருத்துவது என் வேலை. சமையல்காரரும் உதவியாளர்களும் அட்டையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, விழுங்கவும் சிரமம். 'அரைத்த கஞ்சி மட்டும்' என்று அவர் அட்டையில் நானே சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஞாயிறுதோறும் அவர் மனைவி பண்டமாரானிலிருந்து பஸ் ஏறி வருவார். பையில் குழைய வடித்த சோறும் மீன் குழம்பும் இருக்கும்.

"மிஸ்ஸி, இப்ப நல்லா முழுங்குறாருலா. ரெண்டு வாய் மட்டும் குடுக்கிறேனே."

"புரை ஏறினா உயிருக்கே ஆபத்து ஆன்டி. அட்டையில என்ன போட்டிருக்கோ அதுதான்."

அந்த அம்மா மறுபேச்சு பேச மாட்டார். பாத்திரத்தை மூடிப் பையில் வைத்துவிடுவார். பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண்டிப்பாக இருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மறுபடி பக்கவாதம் வந்து, ஒரு புதன்கிழமை அவர் இறந்துபோனார். ஃபைலை முடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்பே டாக்டர் எழுதியிருக்கிறார்: குழைந்த சோறு, முள் எடுத்த மீன் கொடுக்கலாம். டாக்டர் வந்துபோன அன்று குளியலறையில் ஒருவர் வழுக்கி விழ, ஃபைலைப் போட்டுவிட்டு ஓடிய நான், பிறகு அதைத் திறக்கவே இல்லை.

"அவரு போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, விட்டுடுங்க" என்றார் மேலாளர். அது உண்மைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து பண்டமாரானுக்குப் போய், அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் டாக்டரையே கேட்டிருக்கலாம். நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்வீங்கன்னு இருந்துட்டேன் மிஸ்ஸி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

அதன் பிறகு, டாக்டர் எழுதி முடித்து அடுத்த கட்டிலுக்கு நகரும் முன்பே அட்டையைத் திருத்திவிடுவேன். ஓய்வு பெறும்வரை ஒருநாளும் தவறியதில்லை. இன்றும் யாராவது என்னைப் பொறுப்பான தாதி என்று சொன்னால், ஒரு மனிதரின் கடைசி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நான் பறித்துக்கொண்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.