என் ஓட்டை நானே எழுதிக் கொடுத்தேன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். மின்வெட்டுத் தொல்லை தாங்காமல், எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு மின் உற்பத்திக் கம்பெனி தொடங்கியிருந்தோம். பட்டறைக்கு ஒரு ஓட்டு என்பதுதான் அதன் விதி.

ஆண்டுக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, வேலை மும்முரத்தில் இருந்தபோது, எங்கள் மின் கம்பெனியிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினார். "கூட்டத்துக்கு வர முடியாதவங்க போடற கையெழுத்துதாம்மா" என்றார். போட்டுவிட்டேன்.

கூட்டத்தன்று காலை, பக்கத்து லேத் பட்டறை கபீர் பாய் ஓடிவந்தார். "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? பேப்பர் நீட்டுனானே, அந்தாளுக்கு உன் ஓட்ட எழுதிக் குடுத்துக்கிற! லிஸ்ட்ல உன் பேரப் பாத்துட்டு வரேன். பட்டறைக்கு ஒரு ஓட்டுன்றத எடுத்துட்டு, கம்பெனிய வெளியாளு கைல குடுக்க இன்னிக்கு தீர்மானம் கொண்டாறாங்க!"

"இனிமே ஒண்ணும் செய்ய முடியாதா பாய்?"

"நீயே நேர்ல வந்து ஓட்டுப் போட்டா அந்தப் பேப்பர் செல்லாது. கெளம்பு!"

மெஷினை நிறுத்திவிட்டு, கரி படிந்த புடவையோடே போனேன். அந்த ஆள் என் பெயரைச் சொல்லிக் கை தூக்கியதும் எழுந்து நின்றேன்.

"நானே வந்துக்கிறேன் சார். என் ஓட்ட நான் போடறேன்."

என்னைப் பார்த்து, அதேபோல் ஏமாந்த இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். தீர்மானம் தோற்றது.

இப்போதெல்லாம் படித்துப் புரியாமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அடுத்த ஆண்டு எங்கள் கம்பெனியின் இயக்குநர் தேர்தலில் நின்று ஜெயித்தேன். கூட்ட நோட்டீசைத் தமிழிலும் அனுப்ப வேண்டும் என்பதுதான் நான் கொண்டுவந்த முதல் தீர்மானம்.