தாரும் இல்லாத ஜெபம்

கீழ் கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஒரு காலத்தில் பதினோரு குடும்பங்கள் வந்தன. அது நான்காகக் குறைந்ததற்குக் காரணம் மழையோ காட்டெருமையோ அல்ல, கேட்டது கிடைத்துவிட்டதுதான். மகனுக்கு வேலை கிடைத்தவர் வருவதை நிறுத்தினார். வீடு கட்டி முடித்தவர் புது வீட்டிலேயே ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. கடவுளிடமுமா இப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். கூட்டத்தை நடத்துகிறவனும் நான்தான். இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தாமே வந்து பார்ப்பதாகவும், கூட்டத்தில் உயிர் இல்லையென்றால் கோத்தகிரி கூட்டத்தோடு சேர்த்துவிடுவதாகவும் போதகர் சொல்லிவிட்டார். சொல்வது எளிது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வேலை முடித்துக் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தாலும், கூட்டம் முடிந்து திரும்பப் பஸ் கிடையாது. இங்கே மூடினால் அவர்களுக்கு மூடியதுதான்.

ஆள் பிடிக்க வீடு வீடாக அலைந்திருக்கலாம். என் குணம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இருக்கிற நான்கு குடும்பமாவது கடவுளைக் கடவுளாகப் பார்க்கட்டும் என்று ஒரு சட்டம் போட்டேன். மாதம் முழுக்க ஜெபத்தில் 'தாரும்' என்ற சொல் வரக்கூடாது. 'அருளும்' கூடாது, 'செய்யும்' கூடாது. எங்கள் ஜெபங்கள் 'ஆண்டவரே, நீர்' என்று தொடங்கித் 'தாரும்' என்று முடியும். நடுவில் இருப்பதெல்லாம் மனுவின் மேல் எழுதும் வெறும் விலாசம்.

முதல் வெள்ளி எஸ்டேட் லாரி டிரைவர் ஆரம்பித்தார். "ஆண்டவரே, நீர் சர்வ வல்லவர், மலைகளைப் படைத்தவர், ஆகையால் எங்க லைன் வீடுகளுக்குத் தண்ணியைத்..." என்று போய் நாக்கைக் கடித்துக்கொண்டார். எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்ட நான் எழுந்தேன். வானம், பூமி, நட்சத்திரம் எல்லாம் சொல்லிக் கம்பீரமாக வந்து, கடைசியில் "இந்த ஜெபத்தைக் கேட்டருளும்" என்று முடித்தேன்.

"ஏனுங்க, உங்க சட்டத்த நீங்களே ஒடைச்சுட்டீங்களே" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் இன்னும் மோசம். கேட்பதை எடுத்துவிட்டால் எங்களிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒருவர் எழுவார், இரண்டு வரி சொல்வார், உட்கார்ந்துவிடுவார். கூட்டத்தை நானே கொன்றுவிட்டேன் என்று பயந்தேன்.

கடைசி வெள்ளி சாயங்காலம் போதகர் வந்தார். வெளியே பனிமூட்டம் கதவுவரை வந்து நின்றது. பாட்டுப் பாடினோம். பிறகு யாரும் எழவில்லை. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது கொழுந்து பறிக்கும் அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார். மேட்டில் ஏறி ஏறி அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நான் நடத்திய இத்தனை வருடத்தில் அந்த முழங்காலுக்காக அவர் கேட்காத வாரம் கிடையாது. இன்றைக்கும் அதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, எனக்குப் பொஸ்தகத் தமிழ் வராதுங்க. இருபத்தாறு வருசமாக் கொழுந்து பறிக்கறனுங்க. பறிச்ச செடியிலயே பத்துப் பதினஞ்சு நாள்ல மறுக்காக் கொழுந்து நிக்குதுங்க. இந்தக் கையால எத்தன மூட்டை பறிச்சிருப்பேன், ஒரு செடி கூட இல்லைன்னு சொன்னதில்லீங்க. பறிச்சுப் பறிச்சு எனக்குச் சலிச்சுப் போச்சு. துளிர்க்க வெச்சுத் துளிர்க்க வெச்சு உங்களுக்குச் சலிக்கவே இல்லீங்களே. நீங்க எப்பேர்ப்பட்டவருங்க!"

அவ்வளவுதான். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக அந்தக் கொழுந்தின் எடையை எழுதுகிறேன், ஒரு நாளும் இதை நினைத்ததில்லை. டிரைவர் தரையில் மண்டியிட்டார். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் மண்டியிட்டோம். பிறகு ஆளாளுக்கு ஜெபித்தோம். ஒருவர் மலை வளைவில் பனி விலகி ரோடு தெரிவதைச் சொன்னார். என் மனைவி பிள்ளை பெற்ற நாளைச் சொன்னாள். ஒரு 'தாரும்' கூட வரவில்லை, யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

முடிவு ஜெபம் போதகருடையது. எழுந்து நின்று, "ஆண்டவரே, நீர்..." என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமென்" என்று மட்டும் சொன்னார்.

டீ குடிக்கும்போது என்னிடம் வந்தார். "இதை மூடல. அடுத்த வாரம் கோத்தகிரிக்காரங்களை வேன்ல இங்க கூட்டிட்டு வரேன்."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"கூட்டிட்டு வாங்கையா. ஆனா இங்க வந்து அதக் குடு இதக் குடுன்னு கேக்கப்படாது, மொதல்லயே சொல்லிப்போடுங்க."